முழங்கையிலிருந்து தோள் வரை

1906-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜேம்ஸ் ஹோமர் ரைட், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நோய்க்குறியியல் ஆய்வாளர். ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் எங்கே பிறக்கின்றன என்பது அதுவரை தீராத வழக்காக இருந்தது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ராட்சத செல்கள் தம் உடம்பையே துணுக்குத் துணுக்காகக் கிள்ளி ரத்தத்தில் விடுகின்றன, அந்தத் துணுக்குகள்தாம் தட்டணுக்கள் என்று ரைட் காட்டினார். ஐந்து ஆண்டு கழித்து, 1911-இல், அதே இதழில் அதே மருத்துவமனையின் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன் எழுதினார். தோளில் முழுவதும் அறுந்துபோயிருந்த தசைநாணை எலும்போடு சேர்த்துத் தைத்த இரண்டு நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது. தோள் தசைநாண் அறுவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இரண்டு பேரும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். ஆனால் ஒருவர் ஆராய்ந்ததை எடுத்து மற்றவர் தைத்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் மருத்துவ உலகத்துக்கு வர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. முழங்கை மடிப்பில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற இடத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். அந்த ஒரு முழத்தைக் கடக்க இந்தச் சரக்கு டூரின், சியாட்டில், மினசோட்டா, மயாமி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தது. வழியில் பல் மருத்துவர்களிடம் தங்கியது. அமெரிக்கக் கால்பந்து வீரர்களோடு செய்தித்தாளில் இடம்பிடித்தது. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் ஓராண்டு மாட்டிக்கொண்டது. பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா என்பது அதன் முழுப் பெயர், எல்லோரும் பி.ஆர்.பி. என்றே சொல்கிறார்கள். தட்டணுக்கள் செறிந்த ரத்தநீர், அவ்வளவுதான்.

தட்டணுவை நம்மூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்தியது டெங்கு. காய்ச்சல் வந்த வீட்டில் "கவுன்ட் எவ்வளவு இருக்கு?" என்று கேட்காத உறவினர் கிடையாது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருப்பது இயல்பு. உட்கரு இல்லாத, ஏழு முதல் பத்து நாள் வரை மட்டுமே வாழ்கிற நுண்துணுக்குகள். இவற்றை வெறும் கழிவு என்று ஒதுக்கியவர்களும் உண்டு. 1882-இல் டூரின் நகரத்தில் ஜூலியோ பிட்சோசேரோ உயிருள்ள விலங்கின் ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தபடி, குழாய்ச் சுவரில் காயம் பட்ட இடத்துக்கு இந்தத் துணுக்குகள் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொள்வதைக் கண்டார். ரத்தம் உறைவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்பது அப்போது உறுதியானது. அடுத்த தொண்ணூறு ஆண்டுகளுக்குத் தட்டணு என்றால் அடைப்பு, ஒழுகலை நிறுத்தும் அடைப்பு, என்பதற்கு மேல் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

பி.ஆர்.பி. என்ற பெயரே ரத்த வங்கியில் பிறந்தது. பிளாஸ்டிக் பைகளில் ரத்தம் சேமிக்கும் பழக்கம் வந்தபின், ஒரு பை ரத்தத்தை மெதுவாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் கீழே படியும். மேலே தட்டணுக்களோடு கூடிய மஞ்சள் ரத்தநீர் நிற்கும். அதைப் பிரித்து இன்னொரு முறை வேகமாகச் சுழற்றினால் தட்டணுக்கள் மட்டும் அடியில் திரளும். ரத்தப் புற்றுநோயில் ரத்தக்கசிவால் சாகக் கிடந்தவர்களுக்கு ஏற்றியது அந்த இரண்டாவது சரக்கைத்தான். பி.ஆர்.பி. என்பது முதல் சுழற்சிக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பையில் கிடந்த பொருள். அது ஒரு நாள் தனியாக விலைபோகும் என்று அந்த வங்கிகளில் யாரும் எண்ணியிருக்க நியாயமில்லை.

கதை திரும்பிய இடம் சியாட்டில். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ராஸ் ஆராய்ந்துகொண்டிருந்தது தோளையோ காயத்தையோ அல்ல. இதயத் தமனிகளில் கொழுப்புப் படிந்து தடிப்பது ஏன் என்பதை. தமனிச் சுவரின் தசைச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். ரத்தம் உறைந்தபின் வடியும் சீரத்தை ஊற்றினால் செல்கள் பெருகின. ரத்தம் உறையாதபடி பார்த்துக்கொண்டு, தட்டணுக்களை நீக்கிப் பிரித்தெடுத்த பிளாஸ்மாவிலிருந்து சீரம் தயாரித்து ஊற்றினால் பெருகாமல் கிடந்தன. அப்படியானால் பெருகச் செய்யும் பொருள் தட்டணுவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். 1974-இல் ராஸும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டார்கள். அந்தப் பொருள்தான் பிற்பாடு பி.டி.ஜி.எஃப். என்று பெயர் பெற்ற வளர்ச்சிக் காரணி. தட்டணுவுக்குள் ஆல்ஃபா துகள்கள் என்ற சிறு பைகள் இருக்கின்றன. உறையும்போது அவை வெடித்து, செல்களைப் பெருகு, இடம்பெயர், புதிய ரத்தக் குழாய் முளைக்கவிடு என்று கட்டளையிடும் புரதங்களைக் கொட்டுகின்றன. தமனி அடைப்புக்குக் காரணம் தேடியவர்களுக்குக் கிடைத்தது காயம் ஆற்றும் சேதி. இந்த வரலாற்றிலேயே மிக அழகான பரிசோதனை இதுதான் என்பது என் எண்ணம். கேள்வி எளிது, விடை தெளிவு. பின்னால் வந்தவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

மினசோட்டாவில் டேவிட் நைட்டன் என்ற அறுவை மருத்துவர் இதை நேரே ஆறாப் புண்களில் வைத்துப் பார்த்தார். நோயாளியின் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்து, அவற்றின் சாற்றைப் புண்ணில் தடவினார். 1986-இல் வெளியான அவருடைய கட்டுரையில் இருந்தவர்கள் 49 பேர். சராசரியாக 198 வாரங்கள், அதாவது ஏறக்குறைய நாலு ஆண்டுகள், வேறு சிகிச்சையில் அலைந்து வந்தவர்கள். இந்த முறையில் புண் முழுதும் மூடச் சராசரியாக 10.6 வாரங்கள் பிடித்தன என்று எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத கட்டுரைதான். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. 1992-இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, தட்டணுவிலிருந்து செய்த இத்தகைய புண் மருந்துக்குப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்ததையும் இங்கேயே குறித்துவைத்துக்கொள்வோம்.

பெரிய பெயர் வாங்கித் தந்தவர் மயாமியின் ராபர்ட் மார்க்ஸ், தாடை அறுவை மருத்துவர். கட்டியை அகற்றியதால் கீழ்த்தாடையில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் எலும்பு இழந்தவர்களுக்கு இடுப்பெலும்பிலிருந்து துருவியெடுத்த எலும்பை நிரப்பினார். 88 பேரில் ஒரு பகுதியினருக்கு அந்த எலும்புத் துருவலோடு பி.ஆர்.பி.யையும் குழைத்து வைத்தார். அந்த எலும்பு மற்றதைவிட வேகமாகவும் அடர்த்தியாகவும் முதிர்ந்தது என்று 1998-இல் எழுதினார். மறு ஆண்டு ஸ்பெயினில், விட்டோரியா நகரத்தின் எட்வர்டோ அனிட்டுவா, பல் பிடுங்கிய குழிகளில் இதே போன்றதொரு சரக்கை இட்டு எழுதினார். பல் மருத்துவத்துக்கு இது தோதான பொருள். வாயில் அறுவை நடக்கும் இடம் சிறிது, கிண்ணம் போன்ற குழி, வைத்தது அங்கேயே நிற்கும். தோளில் அந்த வசதி இல்லை. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அப்போது யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

தசைநாணுக்கு அது வந்து சேர்ந்தது முழங்கை வழியாக. கலிபோர்னியாவில் ஆலன் மிஷ்ரா, டென்னிஸ் எல்போ என்று நாம் சொல்கிற முழங்கை வலிக்கு இதை ஊசியாகப் போட்டு 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பி.ஆர்.பி. பெற்றவர்கள் 15 பேர். ஒப்பீட்டுக் குழுவில் ஐந்தே பேர். அதிலும் மூவர் எட்டு வாரத்துக்குப் பின் விலகிப் போனார்கள். இவ்வளவு சிறிய பீடத்தின் மேல் அடுத்த பத்தாண்டில் எழுந்த கட்டடத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 2009 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதியாட்டத்துக்கு முன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ஹைன்ஸ் வார்டு முழங்கால் காயத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு ஆடினார்; அணி வென்றது; பத்திரிகைகள் எழுதின. பி.ஆர்.பி. எல்லோருக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2010-இல் தசைக்குள் போடும் பி.ஆர்.பி.யைத் தடை செய்தது. ஆட்டத்திறனை அது கூட்டுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று 2011-இல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. விளம்பரத்தைப் பொறுத்தவரை தடையும் நன்மைதான் செய்தது. தடை செய்கிற அளவுக்கு வீரியமான பொருள் என்ற பேச்சு பரவியது.

இனி தோள். மேற்கையெலும்பின் தலையைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றோடொன்று பின்னி ஒரு பட்டையாகப் பிடித்திருக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்பது அதுதான். அவற்றில் மேலே இருக்கும் சூப்ராஸ்பைனேட்டஸின் நாண்தான் அடிக்கடி கிழிகிறது. விழுந்து ஒரே அடியில் கிழிவது உண்டு. ஆனால் பெரும்பாலும் அறுபதை நெருங்குகிறவர்களிடம் ஆண்டுக்கணக்காக நைந்து நைந்து விட்டுப்போவது. கொடியில் துணி போடக் கையைத் தூக்க முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை என்று வருவார்கள். பாதிப் பேர் ஃப்ரோசன் ஷோல்டர் என்று தாமே முடிவு செய்துகொண்டு வருவார்கள்.

கிழிந்ததைத் தைப்பது பெரிய வித்தையல்ல. எலும்பில் ஆங்கர் என்ற சின்னஞ்சிறு திருகைப் பதித்து, அதிலிருந்து வரும் நூலை நாணில் கோத்து, இழுத்துக் கட்டுகிறார்கள். இப்போது பெரும்பாலும் ஆர்த்ராஸ்கோப்பி, மூன்று நான்கு சிறு துளைகள் வழியாக. தைத்தது ஒட்டுமா என்பதுதான் வித்தை. பிறவியில் நாணும் எலும்பும் சேரும் இடம் நான்கு படிநிலைகளால் ஆனது: மென்மையான நாண், நார்க் குருத்தெலும்பு, சுண்ணாம்பேறிய நார்க் குருத்தெலும்பு, பிறகு எலும்பு. மெத்தையிலிருந்து பாறைக்குப் படிப்படியாக இறங்கும் சரிவு. கிழிந்து தைத்தபின் உடல் அந்தச் சரிவைத் திரும்பக் கட்டுவதில்லை. தழும்பு நார் போட்டு ஒட்டவைக்கிறது. தழும்பு வலிமை பெற மாதங்கள் ஆகும். அதற்குள் நூல் நாணை அறுத்துக்கொண்டு வந்தால் மறுபடி கிழிசல்.

எவ்வளவு பேருக்கு அப்படி ஆகிறது? 2004-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்தத் துறையைக் கலங்க வைத்தது. பெரிய, மிகப் பெரிய கிழிசல்களை ஆர்த்ராஸ்கோப்பியில் தைத்த 18 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 17 பேருக்குத் திரும்பக் கிழிந்திருந்தது. விசித்திரம் என்னவென்றால், ஓராண்டு முடிவில் அவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைந்திருந்தது, கையும் தூக்க முடிந்தது. அதாவது, தையல் தோற்றும் ஆள் நன்றாக இருந்தார். இந்த முரணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பி.ஆர்.பி.யின் தோள் வாழ்க்கை முழுவதும் இதன் நிழலில்தான் நடக்கிறது.

நூலையும் திருகையும் எவ்வளவு மேம்படுத்தினாலும் தீராத சிக்கல் என்று தெரிந்ததும் மருத்துவர்களின் பார்வை ஒட்டும் இடத்தின் உயிரியல் பக்கம் திரும்பியது. ரத்த ஓட்டம் குறைந்த நாண், வயதான செல்கள், அங்கே வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டினால்? பி.ஆர்.பி. தயாராக நின்றது. நோயாளியின் சொந்த ரத்தம், ஒவ்வாமை பயமில்லை, இயந்திரம் பெட்டியோடு விற்பனைக்குக் கிடைக்கிறது.

அறுவைக் கூடத்தில் அதன் பயணம் இப்படிப் போகும். மயக்கம் கொடுத்ததும் அல்லது அதற்குச் சற்று முன் முழங்கை மடிப்பில் 30 முதல் 60 மில்லி ரத்தம் எடுப்பார்கள். சிரிஞ்சிலேயே சிட்ரேட் கலந்த கரைசல் இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. ஆஸ்பிரின் வகை மாத்திரைகளை முன்பே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், தட்டணுவை அவை மந்தமாக்கும் என்பதால். குழாய் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றும். அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிற ரத்தநீர், நடுவே மெல்லிய வெண்படலம். வெண்ணிற அணுக்களும் தட்டணுக்களின் பெரும்பகுதியும் அந்தப் படலத்தில் இருக்கின்றன. இங்கேதான் முதல் கிளைப்பாதை. படலத்தையும் சேர்த்து எடுத்தால் தட்டணு மிக அதிகம் கிடைக்கும், கூடவே வெள்ளணுக்களும் வரும். அவை அழற்சியைக் கிளப்பும் நொதிகளையும் கொண்டுவரும். படலத்தைத் தொடாமல் மேலிருந்து எடுத்தால் தெளிவான சரக்கு, தட்டணு கொஞ்சம். எது தோளுக்கு நல்லது? ஒவ்வொரு கம்பெனிப் பெட்டியும் தனக்கென ஒரு விடை வைத்திருந்தது.

அடுத்து, கொண்டுபோய் வைப்பது. ஆர்த்ராஸ்கோப்பியில் மூட்டு முழுக்க உப்புநீர் அழுத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் ரத்தம் கலங்கிக் காமிராவில் ஒன்றும் தெரியாது. அதற்குள் இரண்டு மூன்று மில்லி திரவத்தைச் செலுத்தினால் வடிகுழாய் வழியே தரைக்கு வந்துவிடும். அதனால் சிலர் எல்லாத் தையலும் முடித்து, நீரை நிறுத்தி, மூட்டை வடியவிட்டு, காமிராவில் பார்த்தபடியே ஊசியை நாணுக்கும் எலும்புக்கும் நடுவே நுழைத்துக் கடைசியாகச் செலுத்தினார்கள். சிலர் கால்சியமும் திராம்பினும் சேர்த்துக் கூழாக உறையவைத்துப் பிறகு வைத்தார்கள். இன்னும் சிலர் நார்ப்புரதக் கட்டியாக உறையவிட்டு, அந்தக் கட்டியில் நூலைக் கோத்து, துளைவழியே தள்ளி, நாணின் கீழே கட்டினார்கள். வழுக்கும் ரத்தக்கட்டியில் நூல் கோப்பது எளிதான வேலையல்ல.

இவ்வளவும் செய்தபின் அந்தத் தட்டணுக்கள் தம் கையிருப்பின் பெரும்பகுதியை உறைந்த ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நாண் எலும்போடு ஒட்ட ஆவதோ மூன்று மாதமும் அதற்கு மேலும். கட்டியாக வைத்தால் மெதுவாகக் கசியும் என்பது அந்த முறைக்காரர்களின் வாதம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கர் பதிக்க எலும்பில் துளையிடும்போதே மஜ்ஜை ரத்தம் கசிந்து அந்த இடத்தில் படிகிறது. அதிலும் தட்டணு இருக்கிறது, கூடவே மூலச் செல்களும். சில மருத்துவர்கள் வேண்டுமென்றே கூடுதலாகச் சில துளைகள் போட்டு இந்தச் செந்நிறக் கட்டியை வரவழைக்கிறார்கள். காசில்லாமல் வருகிற அந்த ரத்தத்துக்கு மேல் பெட்டிச் சரக்கு எவ்வளவு கூடுதல் பயன் தரும் என்பதுதான் ஆய்வுகளின் உண்மையான கேள்வி.

2011 முதல் விடைகள் வரத் தொடங்கின. மிலானில் பியெட்ரோ ராண்டெல்லியின் குழு 53 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குத் தையல் முடிந்ததும் பி.ஆர்.பி. செலுத்தியது. முதல் ஒரு மாதம் அவர்களுக்கு வலி குறைவு. மூன்றாம் மாதத்தில் கைவலிமை சற்று அதிகம். ஆறாம் மாதத்துக்குப் பிறகு இரு குழுவும் ஒன்று. அதே ஆண்டு இத்தாலியிலேயே காஸ்ட்ரிச்சினி குழு சிறிய, நடுத்தரக் கிழிசல் கொண்ட 88 பேரிடம் நார்ப்புரதக் கட்டியை வைத்துப் பார்த்தது. மொத்தப் பலனில் வித்தியாசம் இல்லை. 2012-இல் நியூயார்க்கின் ஸ்காட் ரோடியோ குழு 79 பேரிடம் பார்த்தது. கட்டி வைத்தவர்களில் 67 விழுக்காட்டினருக்கும், வைக்காதவர்களில் 81 விழுக்காட்டினருக்கும் தையல் முழுசாக இருந்தது. உதவ வந்தது கெடுத்ததோ என்ற ஐயத்தை அந்தக் கட்டுரையே எழுப்பியது. நாணுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு கட்டியைச் செருகினால் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதைத் தடுக்கும் என்பது பாமரனுக்கும் தோன்றக்கூடியதுதான்.

ஆட்டம் முடிந்தது என்று நினைத்த வேளையில் சியோலிலிருந்து வேறு செய்தி. கிறிஸ் ஹியுன்சுல் ஜோவின் குழு பெட்டி இயந்திரத்தை நம்பவில்லை. தட்டணு தானம் எடுக்கிற பெரிய இயந்திரத்தில் நோயாளியைச் சேர்த்து, வெள்ளணுக்களை நீக்கி, மைக்ரோலிட்டருக்கு 10 லட்சம் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, கூழாக்கி, தையலுக்கு நடுவே வைத்தது. பெரிய, மிகப் பெரிய கிழிசல் கொண்ட 48 பேரில் மறுகிழிசல் 55.6 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக இறங்கியது, இது 2013. நடுத்தர, பெரிய கிழிசல் கொண்ட 74 பேரில் 20 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடு, இது 2015. ஆனால் அங்கும், நோயாளி உணர்ந்த வலியிலும் கை வேலையிலும் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. செயின்ட் லூயிஸின் முரண் தலைகீழாகத் திரும்பி வந்தது: அங்கே தையல் தோற்றும் ஆள் நன்றாக இருந்தார், இங்கே தையல் ஜெயித்தும் ஆள் கூடுதலாக நன்றாகிவிடவில்லை.

ஏன் மிலானும் நியூயார்க்கும் சியோலும் மூன்று விதமாகப் பேசின? மூன்றும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பதே என் வாசிப்பு. 2017-இல் ஓர் ஆய்வுக் குழு எலும்பு, மூட்டுத் துறையின் 105 பி.ஆர்.பி. ஆய்வுகளை எடுத்து, எப்படித் தயாரித்தார்கள் என்று முழுமையாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தது. பத்தில் ஒன்றில்தான் இருந்தது. கடைசியில் சிரிஞ்சில் இருந்த சரக்கின் சேர்மானத்தை எண்ணிக்கையில் சொன்னவை 16 விழுக்காடு. மற்றவர்கள் என்ன செலுத்தினார்கள் என்று படிப்பவருக்குத் தெரியாது. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியாமல் மருந்தை ஆராய்ந்தால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? காலையில் எடுத்த ரத்தத்துக்கும் மாலையில் எடுத்ததற்கும்கூட எண்ணிக்கை மாறும். ஆளுக்கு ஆள் மாறுவதைச் சொல்லவே வேண்டாம்.

இங்கே காட்மனைக் கூப்பிடாமல் நகர முடியாது. தோளைத் தைத்தது அவருடைய சிறு புகழ். பெரிய புகழும் பெரிய வம்பும் வேறொன்றால் வந்தவை: அறுவை செய்த ஒவ்வொரு நோயாளியையும் மருத்துவமனை பின்தொடர்ந்து, ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார், சரியாகவில்லை என்றால் யார் தவறு என்று அட்டையில் எழுதி வெளியிட வேண்டும் என்றார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஏற்கவில்லை, 1914-இல் விலகினார். தானே ஒரு சிறு மருத்துவமனை நடத்தி, 1911 முதல் 1916 வரை வந்த 337 நோயாளிகளிடம் நடந்த 123 பிழைகளைத் தன் பெயரிலேயே அச்சிட்டார். 1915 ஜனவரியில் பாஸ்டன் மருத்துவர்கள் கூட்டத்தில் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திரை விலக்கிக் காட்டினார். பணக்காரப் பேட்டை நெருப்புக்கோழியாகத் தலையை மணலில் புதைத்துக்கொண்டு மருத்துவர்களுக்குப் பொன்முட்டை இடுகிற படம். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவருக்கு நண்பர்கள் குறைந்தார்கள். தோளைப் பற்றி 1934-இல் புத்தகம் எழுதினார், 1940-இல் இறந்தார். அவர் புதைக்கப்பட்ட இடத்தில் 2014 வரை கல்கூட இல்லை.

பெட்டி விற்றவர்கள் காட்மனின் ஆட்கள் அல்லர். அமெரிக்காவில் இந்தத் தயாரிப்புக் கருவிகளில் பெரும்பாலானவை அனுமதி வாங்கியது, அறுவைக்கு முன் எலும்புத் துருவலோடு குழைத்தால் கையாள எளிது என்ற காரணத்துக்காக. மார்க்ஸின் தாடைக் காலத்து மிச்சம். நாணை ஆற்றும் என்று அரசிடம் நிரூபித்து உள்ளே வந்தவை அல்ல. மருத்துவரின் விருப்பத்தின்பேரில் நாணுக்குப் போனவை. அதற்குள் குதிகால் நாணில் பி.ஆர்.பி. ஊசியை உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வில் 54 பேரிடம் வித்தியாசம் காணவில்லை, 2010-இல். முழங்கால் தேய்மானத்துக்கு ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் பார்த்ததிலும் அப்படியே, 2021-இல். ஊசிக்கும் தையலோடு வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. அந்த முடிவுகளைத் தோள் அறுவையின்மேல் அப்படியே சுமத்துவது நியாயமாகாது. ஆனாலும் சந்தையின் ஆரவாரத்துக்குச் சரியான எதிர்க்குரல் அவை.

தோளுக்கு என்று கேட்டால், அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி இரண்டு வாக்கியத்தில் பேசுகிறது. நோயாளி உணரும் பலனைத் தட்டணுப் பொருள்கள் கூட்டுகின்றன என்பதை வலுவான சான்று ஆதரிக்கவில்லை. ஆனால் மறுகிழிசலைக் குறைப்பதில் திரவ பி.ஆர்.பி.க்குச் சிறிதளவு சான்று உண்டு. இதை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவர் என்ன செய்வார்? நாற்பத்தைந்து வயது, விழுந்து கிழிந்த சிறிய கிழிசல் என்றால் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை; தைத்தால் தானே ஒட்டும். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை நோய், பெரிய கிழிசல், மறுபடி கிழிந்தால் மீண்டும் தைக்க நாண் மிச்சமிருக்காது என்ற ஆளிடம் கடைசி ஊசியாக அதைச் செலுத்துவதில் குற்றம் காண மாட்டேன். அதற்கு உரிய பணத்தைத் தனியே கேட்கும்போது, எந்த முறை, வெள்ளணு உண்டா இல்லையா, எண்ணிக்கை எவ்வளவு என்று சீட்டில் எழுதித் தர முடியுமா என்று நோயாளி கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

ராண்டெல்லியின் மிலான் குழு தன் நோயாளிகளை விட்டுவிடவில்லை. 10 ஆண்டு கழித்துக் கிடைத்தவர்களை எல்லாம் திரும்ப அழைத்துத் தோளைப் படம் எடுத்துப் பார்த்து 2022-இல் எழுதியது. இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

பொருளின் பயணம் அதோடு நிற்கவில்லை. இப்போது தோளில் மாட்டின் நாணிலிருந்து செய்த கொலாஜன் ஒட்டுக்கு மவுசு. 2014-இல் அமெரிக்க அனுமதி பெற்று வந்து, பி.ஆர்.பி. இருந்த இருக்கையில் பாதியைப் பிடித்துவிட்டது. பி.ஆர்.பி. முழங்காலிலும், முகச் சருமத்திலும், சென்னையிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை வழுக்கைத் தலைகளிலும் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறது. 2021 ஏப்ரலில் மெடிகேர் தன் முடிவை மாற்றியது. நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த பி.ஆர்.பி.க்கு நாடு முழுவதும் பணம் தர ஒப்புக்கொண்டது, ஒரே ஒரு நோய்க்கு மட்டும், 20 வாரம் வரை: சர்க்கரை நோயாளிகளின் ஆறாப் புண். 1986-இல் நைட்டன் மினசோட்டாவில் தடவிப் பார்த்தது கிட்டத்தட்ட அதே புண்ணில்தான்.